த்ரீ நாட் த்ரீயின் கழுத்தில் என்ன எழுதியிருக்கிறது?

துப்பாக்கி என்றால் சுட்டால்தான் சுவாரஸ்யம் என்பவர்களை ஒத்தக்கடைக்குக் கூட்டிவர ஆசை. எங்கள் கல்லூரி என்.சி.சி. கோத்தில், அதாவது ஆயுத அறையில், சங்கிலி போட்டு நிறுத்தியிருக்கும் த்ரீ நாட் த்ரீ (.303) டி.பி. ரைபிள்களில் ஒன்றுகூடச் சுடாது. டிரில்லுக்கு மட்டும் என்று செயலிழக்க வைத்தவை. ஆனால் படிக்கலாம். அடடா, எப்படிப் படிக்கலாம்!

'சலாமி சஸ்திர' போட்டே தோள் போச்சு என்று பையன்கள் புலம்பும் அதே நாலு கிலோதான். மேசையில் படுக்கப்போட்டு, வலப்பக்கம் போல்ட் கைப்பிடிக்குக் கீழே, மரக்கட்டை போய்ச் செருகும் இரும்புப் பட்டையை எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். பிறகு சாக்பீஸைப் பொடித்து விரலால் தேய்த்து, மேலாக ஊதிவிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பள்ளத்தில் தங்கிய வெள்ளையில் எழுத்துகள் எழும்பி வரும். முதலில் கிரீடம். அதனடியில் ஜி.ஆர்.ஐ. அப்புறம் இஷாப்பூர், 1942. கடைசியில் மாடல்: எஸ்.எச்.டி. எல்.இ. மூன்று, பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

இங்கிலாந்தில் செய்ததில் ஜி.ஆர். மட்டுமே இருக்கும். இந்தியாவில் செய்ததில் கூடுதலாக ஓர் ஐ. ஜார்ஜ் மன்னர் இங்கே பேரரசராம்! 1948 ஜூனில் அந்தப் பட்டத்தை அவரே விட்டுவிட்டார். இரும்பில் அடித்த ஐ மட்டும் எங்கள் கோத்தில் பத்திரமாக இருக்கிறது. குடியரசான பின் இஷாப்பூரில் கிரீடம் போய் அசோகச் சிங்கமும் ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்தும் வந்தன. கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் 1904-இல் எழுந்த ரைபிள் ஃபேக்டரிதான் அது.

அந்தக் குட்டி நட்சத்திரத்துக்கும் ஒரு கதை உண்டு. 1907-இல் வந்த மூன்றாம் மாடலில் தொலைதூரக் கூட்டுச் சூட்டுக்கான தனிக் குறிபார்வை, மேகசினை மூடும் தகடு என்று ஏகப்பட்ட சீர்வரிசை. முதல் உலகப் போரில் உற்பத்தியை வேகப்படுத்த அதையெல்லாம் கழற்றினார்கள். கழற்றியதற்கு அடையாளம்தான் நட்சத்திரம். எந்த ரெஜிமென்ட்டுடையது என்று அடித்துவைக்கும் பித்தளை வில்லையும் அந்தச் சிக்கனத்தில் பின்கட்டையிலிருந்து போனது. எங்கள் ரைபிளிலும் இல்லை. பர்மாவுக்குப் போனதா, டிப்போவிலேயே தூங்கியதா என்று அதைக் கேட்டுப் பயனில்லை.

பழுது பார்த்த கதையை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடும். எஃப்.ஆர். என்ற எழுத்தும் அருகில் இரண்டு இலக்க ஆண்டும் இருந்தால் ஃபேக்டரிக்குத் திரும்பிப் போய் வந்தது என்று அர்த்தம். எங்களதில் 55. பேரல் ஏறும் இடத்தில் ஓர் எண். போல்ட் கைப்பிடியின் அடியில் வேறு எண்! இரண்டும் ஒன்றுக்கொன்று இழைத்துப் பொருத்தப்படுபவை. ஒரே எண் இருக்க வேண்டும். "என்ன சார், பொண்ணு ஒரு வீடு, மாப்பிள்ளை ஒரு வீடா?" என்றார் எங்கள் ஹவில்தார். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர். நான் டார்ச்சும் கையுமாகக் குனிந்தால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். பின்குறிபார்வைக்குக் கீழே, முன்கட்டையில் குறுக்காக ஒரு திருகும் இருக்கிறது. மரம் பிளக்காமலிருக்க இஷாப்பூர்க்காரர்கள் போட்டது. உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் அதை 'இஷாப்பூர் ஸ்க்ரூ' என்றே சொல்கிறார்கள். சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது, போங்கள்.

பட்டையில் இஷாப்பூருக்குப் பதில் பி.எஸ்.ஏ. என்றிருந்தால் பர்மிங்ஹாம். நம் அம்பத்தூரில் சைக்கிளாக வந்த அதே பெயர்தான். அந்தக் கம்பெனியின் பழைய சின்னமே சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள். லித்கோ என்றால் ஆஸ்திரேலியா. அதன் மரத்தில் ஸ்லாஸ் என்று அடித்திருந்தால் டென்னிஸ் மட்டை செய்யும் ஸ்லேஸெஞ்சர் இழைத்த கட்டை!

இதையெல்லாம் வீட்டில் வைத்துக் கொஞ்ச முடியாது. .303 தடைசெய்யப்பட்ட ரகம். பொதுமக்களுக்கென்று ஆர்டனன்ஸ் ஃபேக்டரி விற்கும் .315 இதன் பங்காளிதான்; ராணுவத் தோட்டா அதில் ஏறாது. உத்தரப் பிரதேச போலீஸே 2020 குடியரசு தினத்தோடு .303-க்கு வழியனுப்பு விழா நடத்திவிட்டது. ஆகவே கோத்துச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவரோடு பழகிக்கொள்ளுங்கள்.

போனால் ஒன்றில் மட்டும் ஏமாறாதீர்கள். 1960-களில் இதே இஷாப்பூர் இதே உருவத்தில் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்காக 2ஏ, 2ஏ1 என்று புதிதாகச் செய்தது. தூரத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி தெரியாது. மேகசினைப் பாருங்கள்: அடி சதுரமாக, பெட்டி மாதிரி இருந்தால் தம்பி. சரிவாக இறங்கினால் நம்ம த்ரீ நாட் த்ரீ.