பாட்டு உடைத்த மௌனம்

தொலைக்காட்சி நாடகங்களில் பாட்டு பெரும்பாலும் அணிகலனே. 2001 நவம்பர் 6ஆம் நாள் அமெரிக்காவில் ஒளிபரப்பான ‘பஃபி’ இளைஞர் தொடரின் இசை நாடகப் பகுதியிலோ அதுவே கதையின் உயிர். ஜாஸ் வீடன் எழுதி இயக்கி, பாடல்களும் இயற்றினார்.

தீய சக்தியொன்றின் மாயத்தால் ஊரார் பாடத் தொடங்க, நெஞ்சில் மறைத்தவை வெளிவருகின்றன. தங்கையைக் காக்க உயிர்நீத்த பஃபியை நரகிலிருந்து மீட்டதாகத் தோழர்கள் எண்ணியிருந்தனர். சுவனத்திலிருந்தே பிரித்துக் கொணர்ந்தனர் என்பதை அவள் பாடும்போதுதான் அறிகின்றனர். அன்பே அநீதியாகிவிட்ட அவலம்!

ஆயினும், மாயம் வற்புறுத்திப் பெற்ற வாய்மை பிளவை ஆற்றவில்லை. இறுதியில் அனைவரும் திகைத்தே நிற்கின்றனர். உண்மை வெளிப்படுவது வேறு. உள்ளங்கள் இணைவது வேறு. இன்னிசையால் அதனை மூடி மறைக்காததே இப்படைப்பின் நேர்மை.