கேமராவைப் பாருங்க

அம்மாவின் சடங்குப் படம் எங்கள் வீட்டு பீரோவில் பழைய ரேஷன் கார்டுகளோடு கிடக்கிறது. 1979இல் சாத்தூர் ஸ்டுடியோ ஒன்றில் எடுத்தது. கருப்பு வெள்ளை. பதிமூன்று வயசு அம்மா பாவாடை தாவணியில் ஆளுயரக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். முகம் நம்மைப் பார்த்து இருக்கிறது, முதுகில் தொங்கும் பூச்சடை கண்ணாடிக்குள் தெரிகிறது. இந்த ஏற்பாட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் அம்மாவுக்கோ அத்தைக்கோ இப்படி ஒரு படம் கட்டாயம் இருக்கும். முகத்தை எடுத்தால் சடை போய்விடும், சடையை எடுத்தால் முகம் போய்விடும். காசு செலவழித்தது இரண்டுக்கும்தானே? ஆகவே கண்ணாடி. நவீன ஓவியத்தைப் பற்றி நூறு பக்கம் எழுதுகிற நாம் இந்தக் கண்ணாடியைப் பற்றி ஒரு பக்கம்கூட எழுதவில்லை என்பது எனக்கு ஒரு குறை.

எழுதவில்லை என்று சொல்ல முடியாது. நான் எழுதினேன், தப்பாக எழுதினேன்.

மதுரையில் எம்.ஏ. படித்தபோது ரோலான் பார்த்தின் ‘கேமரா லூசிடா’ கையில் கிடைத்தது. 1980இல் வந்த புத்தகம், அவர் செத்துப்போன வருடமும் அதுதான். படம் எடுத்தவரும் நின்றவரும் திட்டமிடாத ஏதோ ஒரு சின்ன விஷயம் படத்திலிருந்து கிளம்பி வந்து நம்மைக் குத்தும் என்பார் பார்த். பங்க்டம் என்று அதற்குப் பெயர் வைத்தார். அந்த வயதில் அது எனக்கு மந்திரம் மாதிரி இருந்தது. அம்மாவின் படத்தை எடுத்துவைத்துக்கொண்டு குத்தும் இடத்தைத் தேடினேன். கிடைத்தது. கண்ணாடியின் ஓரத்தில், மரச்சட்டத்தை ஒட்டி, ஒரு கை மட்டும் தெரிகிறது. துண்டைப் பிடித்திருக்கிறது. அம்மாச்சியின் கை. தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிய கை. விடுவேனா? ‘அலங்காரத்தின் விளிம்பில் கசியும் உழைப்பின் உண்மை’ என்று ஒரு கட்டுரை எழுதி சிற்றிதழ் ஒன்றில் வந்தது. நண்பர்கள் பாராட்டினார்கள். ஊருக்கு வந்து அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

“அந்தக் கையவா பாத்த?” என்றாள். “சடையப் பாருடா.”

இதை எழுதும்போது அந்தப் பேச்சுக்குப் பதினைந்து வருடம் ஆகிறது.

சடையைப் பற்றி அம்மா அன்றைக்குச் சொன்னதை இப்போது எழுதுகிறேன். தாழம்பூ மடலை நறுக்கி அடியில் வைத்து, மேலே மல்லிகை மொட்டை வரிசை வரிசையாகத் தைத்தது பக்கத்து வீட்டுப் பெரியம்மா. விடியற்காலையில் உட்கார்ந்து முடிக்கும்போது பத்து மணி. மொட்டு விரிவதற்குள் ஸ்டுடியோவுக்குப் போக வேண்டும், விரிந்துவிட்டால் படத்தில் பஞ்சு மாதிரி விழுமாம். வெயிலில் நடந்தால் பவுடர் கரைந்துவிடும் என்று தெருவின் நிழல் பக்கமாகவே நடந்திருக்கிறார்கள். கழுத்தில் கிடந்த செயின் தெருமுனை வீட்டில் இரவல் வாங்கியது. ஸ்டுடியோக்காரர் எல்லாரையும் வெளியே போகச் சொன்னபோது அம்மாச்சி மட்டும் போகவில்லை. இரவல் செயினை விட்டுத் தள்ளி நிற்க அவளுக்கு மனசு வரவில்லை. அதனால்தான் அந்தக் கை அங்கே இருக்கிறது. அலங்காரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த உண்மை என்று நான் எழுதியது அலங்காரத்துக்குக் காவல் நின்ற கை. துண்டு, அம்மாவின் நெற்றி வியர்வையை ஒற்றுவதற்கு.

பார்த்துக்கும் இதே மாதிரி ஒரு சறுக்கல் உண்டு. அவர் புத்தகத்தில் ஹார்லெம் ஸ்டுடியோக்காரர் ஜேம்ஸ் வான் டெர் ஸீ 1926இல் எடுத்த கறுப்பினக் குடும்பப் படம் ஒன்று இருக்கிறது. நல்ல உடுப்புப் போட்டு மூன்று பேர். அவர்கள் மரியாதையான குடும்பமாகத் தெரிய எடுத்துக்கொண்ட முயற்சி பார்த்துக்கு வெகுளித்தனமாக, அதனாலேயே மனதைத் தொடுவதாகப் படுகிறது. பிறகு தன் பங்க்டத்தைத் தேடுகிறார். முதலில் நிற்கும் பெண்ணின் வார் வைத்த செருப்பு என்கிறார். பல பக்கம் கழித்து, இல்லை, அவள் கழுத்தில் கிடக்கும் மெல்லிய தங்கச் சங்கிலி, தன் அத்தை போட்டிருந்த மாதிரியான சங்கிலி என்று மாற்றிக்கொள்கிறார். மார்கரெட் ஓலின் என்ற கலை வரலாற்றாசிரியர் 2002இல் எழுதிய கட்டுரையில் இதைப் பிடித்தார். படத்தில் இருப்பது தங்கச் சங்கிலியே இல்லை, முத்துமாலை.

பார்த்தின் ஞாபகம் அவர் கண்ணை மறைத்தது என்று இதற்கு அனுதாபமான விளக்கம் சொல்வார்கள். சொல்லட்டும். எங்க ஊர்ப் பெண்கள் யாரிடமாவது அந்தப் படத்தைக் கொடுத்திருந்தால் முதல் கேள்வியே “முத்து யாரோடது? சொந்தமா, இரவலா?” என்றுதான் வந்திருக்கும். தங்கமா முத்தா என்று அவர்கள் தப்பு பண்ண வாய்ப்பில்லை. வான் டெர் ஸீ நெகட்டிவில் பற்களைத் திருத்துவார், தேவைப்பட்டால் நகையைக்கூட வரைந்துவிடுவார். நம்மூர் டச்சிங் கலைஞர்களுக்கு அண்ணன். அப்படிப்பட்டவர் படத்தில் நகை என்பது எவ்வளவு பெரிய பேச்சு! அதைத்தான் பார்த் தவறவிட்டார்.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறு. அதே புத்தகத்தில் பார்த் உருகி உருகி எழுதுவது 1898இல் கண்ணாடி வேய்ந்த தோட்ட அறையில் எடுத்த, ஐந்து வயது அம்மாவின் படத்தைப் பற்றி. அந்தப் படத்தை அவர் நமக்குக் காட்டவே இல்லை. ஆனால் அதை விவரிக்கும்போது, நீ நன்றாகத் தெரிய வேண்டும், கொஞ்சம் முன்னால் வா என்று போட்டோகிராஃபர் குழந்தையிடம் சொல்லியிருப்பார் என்று எழுதுகிறார். தன் அம்மாவின் படத்தில் அவருக்கு அந்தக் குரல் கேட்கிறது. ஹார்லெம் குடும்பத்தின் படத்தில் கேட்கவில்லை.

பியர் பூர்தியு இந்த விஷயத்தில் மேல். பிரான்சின் பெயார்ன் கிராமத்துக் கல்யாணப் படங்களைப் பார்த்துவிட்டு, விவசாயிகள் விறைப்பாக நேராகக் கேமராவைப் பார்த்து நிற்பது ரசனைக் குறைவால் அல்ல, அது மரியாதை சம்பந்தப்பட்டது என்று 1965 வாக்கிலேயே எழுதினார். சரிதான். ஆனால் சமூகவியலாளருக்கே உரிய தொனியில், வெளியே நின்று.

உள்ளே நின்று பார்க்க எங்களுக்கு இருக்கன்குடி இருக்கிறது. சாத்தூரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரம்தான். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேரும் இடத்தில் மாரியம்மன். அலங்காரம் நடக்கும்போது திரை போட்டுவிடுவார்கள். கூட்டம் நெருக்கும், பிள்ளைகள் அழும், யாரும் திரையை விலக்கச் சொல்ல மாட்டார்கள். பூவும் பட்டும் சாத்தி முடிந்த பிறகுதான் திரை விலகும், தீபாராதனை, எல்லாக் கையும் மேலே போகும். திரைக்குப் பின்னால் இருக்கும் ‘இயல்பான’ அம்மனைப் பார்த்தால்தான் உண்மையைப் பார்த்ததாக ஆகும் என்று எங்க பக்கம் எந்தக் கிறுக்கனும் சொன்னதில்லை.

ஸ்டுடியோத் திரைக்கும் கோவில் திரைக்கும் நான் முடிச்சுப் போடுவதாக நினைக்க வேண்டாம், முடிச்சு ஏற்கெனவே விழுந்ததுதான். சாத்தூருக்குத் தெற்கே கோவில்பட்டி. நாடகக் கம்பெனிக்குப் படுதா வரைந்த சி. கொண்டையராஜு (1898–1976), 1940களில் கம்பெனி அங்கே வந்து கலைந்தபோது ஊரோடு தங்கிவிட்டார். சிஷ்யர் டி.எஸ். சுப்பையா போன்றவர்களோடு தேவி ஆர்ட் ஸ்டுடியோ. புகைப்படமும் ஓவியமும் ஒரே கூரையின் கீழ். அங்கிருந்து கிளம்பிய முருகனும் லட்சுமியும் மீனாட்சி கல்யாணமும் சிவகாசி அச்சகங்களில் ஏறி, காலண்டர்களாகத் தமிழ்நாட்டுச் சுவர்கள் எல்லாவற்றிலும் உட்கார்ந்தார்கள். அந்தக் காலண்டர் சாமிகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நேர்ப் பார்வை, பின்னால் படுதா மாதிரி மலையும் அருவியும், ஒரு நகைகூட விடுபடாத கழுத்து. ஸ்டுடியோவில் நிற்கிற ஆள் மாதிரியேதான் இருக்கும். சாமி மாதிரி ஆள் நின்றாரா, ஆள் மாதிரி சாமி நின்றாரா என்று கேட்டால் இரண்டும் ஒரே கடையில் நடந்தது என்பதே பதில்.

அப்படி எடுத்த ஸ்டுடியோ, குடும்பப் படங்களை, கிட்டத்தட்ட 1880 முதல் 1980 வரையிலானவற்றை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ‘ஸ்டார்ஸ்’ என்ற திட்டத்தில் சேகரித்து மின்னாக்கம் செய்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவும் அதற்கு உண்டு. ஒரு ராத்திரி உட்கார்ந்து அந்த மாதிரிப் படங்களைப் பார்த்தால் வேறு எதையும் விடக் கைகள்தான் கண்ணில் படும். நாற்காலிக் கையில், முழங்காலில், மூடிய புத்தகத்தின் மேல் என்று ஒவ்வொரு கையையும் யாரோ ஓர் இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

எங்க ஊருக்கு இன்னொரு வகைக் கேமராவும் வரும். சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தை வெளி உலகம் பார்த்தது பெரும்பாலும் அதன் வழியாகத்தான். தீப்பெட்டி ஆபீசில் பிள்ளைகள் வேலை செய்த காலத்தில் வந்தது, இப்போதும் தீபாவளிக்கு முந்தின மாதம் தவறாமல் வருகிறது. அந்தப் படங்களால் நல்லது நடந்தது, மறுக்க மாட்டேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தக் கேமரா சொல்லும் வார்த்தை எப்போதும் ஒன்றே: “நீங்க உங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க, கேமராவப் பாக்காதீங்க.” அதற்கு வேண்டியது அலுமினியப் பொடி அப்பி வெள்ளியாய் மின்னும் விரல்கள். விரல் மின்னினால் உலகப் பரிசு. முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று ஒருத்தி எழுந்தால் படம் போச்சு. ஸ்டுடியோக்காரர் எங்களிடம் சொன்னது “கேமராவைப் பாருங்க.” எங்க சனம் எந்தக் கடைக்குக் காசு கொடுத்தது என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

இப்போது வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் வார்த்தையே கல்யாண மண்டபத்துக்குள் வந்து, கூடுதல் விலைக்கும் போகிறது. பேக்கேஜில் இரண்டு பிரிவு: ட்ரெடிஷனல், கேண்டிட். ட்ரெடிஷனல்காரர் பாவம், மேடையில் நின்று “பாட்டி, இங்க பாருங்க” என்று கத்துவார், அவருக்குக் குறைந்த ரேட். கேண்டிட்காரர் தூணுக்குப் பின்னால் நின்று “என்னைக் கண்டுக்காதீங்க” என்பார், அவருக்கு அதிகம். மணப்பெண் நாலு மணி நேரம் மேக்கப் போட்டு, யாரும் பார்க்காதது போல ஜன்னலைப் பார்த்து நிற்க வேண்டும். ப்ரீ வெட்டிங் ஷூட்டைப் பார்த்துச் சிரிக்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். கொடைக்கானல் பனியில் பஞ்சுமிட்டாய் கவுன் போட்டு நிற்கும் சாத்தூர்ப் பெண்ணுக்கும், படுதாவில் வரைந்த தாஜ்மஹால் முன்னால் நின்ற அவள் பாட்டிக்கும் பெரிய தூரமில்லை. இரண்டு பேரும் தயாராகித்தான் நின்றார்கள். எனக்குப் பிடிக்காதது தயாராகாத ஆளைத் திருட்டுத்தனமாக எடுத்து அதுதான் கலை என்பது.

பிடிக்காது என்று இப்போது சொல்கிறேன். 2019இல் சித்தி மகள் கல்யாணத்துக்கு ஆல்பத்துக்குப் படம் பொறுக்கிக் கொடுத்தவன் நான்தான். சித்தி பட்டாசு ஆபீசில் வேலை பார்க்கிறாள். கேண்டிட் பையன் ஒரு குளோசப் எடுத்திருந்தான். மருதாணி போட்ட மகளின் கையை அம்மாவின் கை பிடித்திருக்கிறது, அம்மாவின் நகக் கண்களில் போகாத வெள்ளி. அபாரமான படம். முழுப் பக்கத்துக்குப் போட்டேன். இன்ஸ்டாகிராமில் அது ஓடு ஓடென்று ஓடியது. ஆல்பம் வந்த அன்று சித்தி அந்தப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றாள்.

“மூஞ்சியப் போடாம கையப் போட்டிருக்கியேய்யா” என்றாள். “ரெண்டு நாளாத் தேய்ச்சேன், போகல.”

2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். சாத்தூருக்குப் பக்கம். பட்டாசு ஆலை வெடி விபத்தில் 20க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். எங்க பக்கம் இப்படி நடக்கும்போதெல்லாம் ஒரு வேலை யாராவது ஓர் இளவட்டத்தின் தலையில் விழும்: செத்தவர் படத்தைத் தேடுவது. பேப்பர்காரர்கள் கேட்பார்கள், அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டும். வாக்காளர் அட்டையில் இருப்பது அவர்தானா என்று அவர் மகனுக்கே சந்தேகம் வரும். கடைசியில் எதாவது ஒரு கல்யாண ஆல்பத்தில் மூன்றாவது வரிசையில் கிடைப்பார். தலையை மட்டும் வெட்டி எடுப்பார்கள். தோளில் இன்னொருவர் விரல்கள் ஒட்டிக்கொண்டு வரும். நானும் ஒருமுறை அந்த விரல்களை போட்டோஷாப்பில் அழித்திருக்கிறேன்.

அச்சங்குளம் நடந்த அடுத்த மாதம் சித்தி போன் பண்ணினாள். ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். எதுக்கு சித்தி என்று கேட்டதற்கு “ஒண்ணு எடுத்து வச்சிருவோம்” என்றாள். மேலே நான் கேட்கவில்லை. பட்டு வேண்டாம், அது கல்யாணத்துக்கு, என்று அரக்குக் கலர் சின்னாளப்பட்டிச் சேலை. செயின் அடகில் இருந்ததால் அம்மாவின் செயின். சாயங்காலம் வேலை விட்டு வந்து போகலாமா என்றதற்கு முடியாது என்றுவிட்டாள். இரண்டு நாள் லீவு போட்டு, தேங்காய் எண்ணெயும் சீயக்காயுமாக வைத்துத் தேய்த்திருக்கிறாள். எனக்கு அது பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும்போது மூக்கில் அடித்த வாசத்தில்தான் தெரிந்தது.

ஸ்டுடியோவில் இப்போது படுதா இல்லை. நீலத் துணி, இரண்டு குடை விளக்கு, மூலையில் சீப்பும் பவுடர் டப்பாவும் வைத்த பழைய கண்ணாடி. பையன் ஸ்டூலைக் காட்டினான். சித்தி உட்கார்ந்து முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டு கைகளை மடியில் எடுத்து வைத்தாள்.

“கை வராதும்மா. நெஞ்சு வரைக்கும்தான்.”

சித்தி என்னைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்து, “முழுசா ஒண்ணு எடுங்க தம்பி, காசு சேத்து வாங்கிக்கிடுங்க” என்றாள். அவன் ஸ்டூலை எடுத்துவிட்டுக் கை வைத்த நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டான்.