நாடக வழக்கும் உலக வழக்கும்
‘இன் த ஃபிளாட் ஃபீல்டு’ இசைத்தட்டு பற்றிய ஓர் ஆய்வு

ஒரு கலைப்படைப்பு மெய்யானதா, போலியானதா என்னும் வினா திறனாய்வுலகில் மிகப் பழையது. மேனாட்டு இசைவகைகளுள் இவ்வினாவுக்கு ஓயாது ஆளாகி வருவது ‘கோதிக் ராக்’ எனப்படும் இருள்சார் இசையாகும். கறுப்பு உடை, வெளிறிய முகப்பூச்சு, இடுகாடு, குருதி குடிக்கும் பேய், பாழடைந்த கோயில் ஆகியனவே அதன் அடையாளங்கள் என ஊரார் அறிவர். அவ்விசையைப் போற்றுவோரும் தம்முள் கட்சி பிரிந்து, ‘இதுவே உண்மைக் கோதிக், அது வெறும் வேடம்’ என்று வழக்காடுவர். இவ்வழக்கினைத் தீர்ப்பதற்குத் துணைசெய்யும் இசைத்தட்டு ஒன்று உண்டு. இங்கிலாந்து நாட்டு நார்தாம்ப்டன் நகரில் 1978இல் தோன்றிய பௌஹவுஸ் என்னும் குழுவினர் 1980இல் வெளியிட்ட ‘இன் த ஃபிளாட் ஃபீல்டு’ என்பதே அது. ‘தட்டையான வெளியில்’ என்பது அப்பெயரின் பொருள்.

பெயரின் வரலாறு

கோதிக் என்னும் சொல்லே ஒரு பிழையான பெயரீட்டில் பிறந்தது என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். கோத்தர் என்போர் பழைய செருமானிய இனத்தவர். அவர்தம் தலைவன் அலாரிக் 410இல் உரோமை நகரைச் சூறையாடினான். பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர், இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத்து அறிஞர், தமக்குப் பிடிக்காத இடைக்காலக் கட்டடக் கலையைப் பழிக்கக் கருதி, அதனைக் கோத்தர்மேல் ஏற்றிக் கூறினர். கூர்நுனி வளைவும் வண்ணக் கண்ணாடிச் சாளரமும் கொண்ட அக்கலைக்கும் கோத்தருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பாரிசு நகரையடுத்த செயின்ட் டெனி கோயிலின் புதிய பகுதி 1144இல் திருநிலைப்படுத்தப்பட்டபோது கோத்தரின் அரசுகள் மறைந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. வசைச்சொல்லாய் வந்ததே பின்னர்ப் பெயராய் நிலைத்தது.

இலக்கியத்திலும் நிலைமை இதுவே. கோதிக் புதினங்களுக்கு முதலாவதாகக் கருதப்படுவது ஹொரேஸ் வால்போல் எழுதிய ‘ஒட்ராண்டோ கோட்டை’. 1764இல் அது வெளிவந்தபோது, பழைய இத்தாலிய நூலொன்றின் மொழிபெயர்ப்பு என்றே அறிவிக்கப்பட்டது. மறுபதிப்பில்தான் அது தம் கற்பனையே என வால்போல் ஒப்புக்கொண்டார். ‘கோதிக் கதை’ என்னும் அடைமொழியும் அப்போதே சேர்ந்தது. அவர் தமக்கென எழுப்பிய மாளிகையிலும் இடைக்காலக் கற்சிற்பம் போலத் தோன்றும் பல வேலைப்பாடுகள் காகிதக்கூழால் ஆனவை. ஆகவே, இம்மரபின் மூலவரே வேடம் புனைந்தவர். வேடம் கலவாத தூய கோதிக் என ஒன்று எக்காலத்தும் இருந்ததில்லை. அத்தகைய தூய்மையை அளவுகோலாகக் கொண்டு இவ்விசையை அளப்பது இல்லாத கோலால் நிலம் அளப்பதை ஒக்கும்.

குழுவும் முதற்பாட்டும்

பௌஹவுஸ் குழுவில் நால்வர் இருந்தனர். பீட்டர் மர்ஃபி பாடினார். டேனியல் ஆஷ் கிதார் இசைத்தார். டேவிட் ஜே பாஸ் கிதார் இசைத்தார். அவர் தம்பி கெவின் ஹாஸ்கின்ஸ் டிரம் முழக்கினார். செருமனியில் 1919இல் தொடங்கப்பெற்ற புகழ்மிக்க கலைப்பள்ளியின் பெயரையே குழுவுக்குச் சூட்டினர். மிகையணி நீக்கிப் பயன்பாட்டைப் போற்றிய பள்ளி அது. பேய்க்கோலம் பூண்டவர் எனப் பெயர்பெற்ற குழுவினர் இத்தகைய பெயரைத் தேர்ந்தது எண்ணிப் பார்த்தற்குரியது.

இவர்களுக்குப் புகழ் தேடித்தந்த பாட்டு 1979இல் வந்த ‘பெலா லுகோசீஸ் டெட்’ என்பது. ஒன்பது நிமிடத்திற்கும் மேலாக நீளும் இப்பாட்டையே கோதிக் ராக் இசையின் கால்கோள் எனப் பலரும் கூறுவர். இதன் பொருளை ஊன்றி நோக்குவார் வியப்பு அடைவர். பெலா லுகோசி பேய் அல்லர், பேயாக நடித்தவர். அங்கேரி நாட்டில் பிறந்த அந்நடிகர் 1931இல் வெளிவந்த ‘டிராகுலா’ திரைப்படத்தில் தலைமை வேடம் ஏற்றார். 1956இல் மறைந்தபோது அவ்வேடத்தின் மேலங்கியுடனே அடக்கம் செய்யப்பட்டார். ஆகவே இவ்விசைவகையின் தலைப்பாட்டு, பேயைப் பற்றியதன்று. வேடம் உடலோடு ஒட்டிக்கொண்ட ஒரு நடிகனின் சாவைப் பற்றியது. தாம் நடிக்கின்றோம் என்பதைப் பாடியோரே முதலில் அறிந்திருந்தனர். அப்பாட்டில் கேட்கும் நீண்ட எதிரொலியும் இடைக்கால ஐரோப்பாவினின்று வந்ததன்று. ஜமைக்கா நாட்டு டப் இசைக் கலைஞர் பதிவுக்கூடங்களில் கண்ட உத்தி அது. குருதித் தூய்மை பேசுவோர்க்கு இங்கும் இடம் இல்லை.

தட்டையான வெளி

அடுத்த ஆண்டு வந்த ‘இன் த ஃபிளாட் ஃபீல்டு’ இசைத்தட்டில் ஒன்பது பாட்டுகள் இருந்தன. புகழ்பெற்ற அந்த முதற்பாட்டை அதில் சேர்க்கவில்லை. பெருநிறுவனம் எதனையும் சாராது, அவ்வாண்டிலேயே தொடங்கப்பட்ட 4ஏடி என்னும் சிறுநிறுவனத்தின் வாயிலாக, குழுவினர் தாமே பதிவுப்பணியை நெறிப்படுத்தி வெளியிட்டனர். இங்கிலாந்து இசை வார இதழ்கள் பல இதனைக் கடிந்தெழுதின. போலித் துயரம், ஆரவார நடிப்பு என்பனவே அவை சாட்டிய குற்றங்கள். எனினும் சிறுநிறுவன வெளியீடுகளுக்கான விற்பனைப் பட்டியலில் இத்தட்டு முதலிடம் பெற்றது. பொதுப் பட்டியலில் அதற்குக் கிடைத்த இடம் 72.

இதழாளர் சாட்டிய குற்றம் பொருந்துமா என அறியத் தமிழ் இலக்கணம் தரும் ஒரு கருத்து உதவும். நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டனைத் தொல்காப்பியர் கூறுவார். இவ்விரண்டும் பொருந்தி நிற்பதே பாடலுக்குரிய புலனெறி வழக்கம் என்பது அவர் கருத்து. வெறும் உலக வழக்கு செய்தியாய் முடியும். வெறும் நாடக வழக்கு கூத்தாய் முடியும். இவ்விலக்கணம் அகப்பாட்டுக்கு உரைத்ததேயாயினும், புனைவும் வாழ்வும் எவ்வளவிற் கலக்கவேண்டும் என்னும் சிக்கல் எந்நாட்டுப் பாட்டுக்கும் பொதுவானது. ஆகவே, நாடகம் இருக்கின்றதா என்று கேட்பதைவிட, நாடகத்தோடு உலகமும் இருக்கின்றதா என்று கேட்பதே முறையாம்.

தட்டின் பெயர்ப்பாட்டு இவ்வினாவுக்கு நேரே விடை பகர்கின்றது. அதன் தட்டையான வெளியில் இடுகாடும் இல்லை, கோட்டையும் இல்லை. செருப்புத் தொழிலுக்குப் பெயர்பெற்ற நார்தாம்ப்டன் போன்றதோர் ஊரில், நேற்றைப் போன்றே இன்றும் இன்றைப் போன்றே நாளையும் கழியும் இளைஞரின் வாழ்வே அது. மேடுபள்ளம் அற்ற அவ்வாழ்வினின்று எங்கேனும் தூக்கிச் செல்லப்படமாட்டோமா என்னும் ஏக்கமே அப்பாட்டின் அலறலாய் வெளிப்படுகின்றது. டிரம் ஒலி நிற்காது துரத்த, கிதார் இன்னிசை தருவதை விட்டு இரும்பைத் தேய்ப்பது போல் ஒலிக்கின்றது. கேட்பார் காதுக்கு இனிமை இல்லை. ஆயின் அவ்வின்மைக்குக் காரணம் உண்டு.

அச்சத்தின் களன்கள்

மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் களன்கள் நான்கு எனத் தொல்காப்பியர் வகுத்தார். அவை அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன. அச்சத்தையே முதலாகக் கொண்ட இவ்விசைத்தட்டை அவ்வகைமையோடு ஒப்பவைத்து நோக்கின் அதன் இயல்பு விளங்கும்.

அணங்கின்பாற்பட்ட அச்சம் ‘ஸ்டிக்மாட்டா மார்ட்டர்’ பாட்டில் உள்ளது. ஏசுநாதர் சிலுவையில் ஏற்ற காயங்கள் அடியவர் உடலிலும் தோன்றும் என்னும் கிறித்தவ நம்பிக்கையே அதன் பொருள். இலத்தீன் வழிபாட்டு மொழி அதில் மந்திரம் போல் மீண்டும் மீண்டும் ஒலிக்கின்றது. மர்ஃபி கத்தோலிக்கக் குடியில் வளர்ந்தவர். ஆதலின் அப்பாட்டில் வரும் நடுக்கம் இரவல் பெற்றதன்று. இளமையிற் கேட்டுப் பழகிய மொழி அச்சமூட்டும் மொழியாய் மாறிய நடுக்கம். ‘எ காட் இன் ஆன் ஆல்கோவ்’ பாட்டு, ஒருகாலத்தில் போற்றப்பட்டுப் பின் மாடக்குழியில் ஒதுக்கப்பட்ட தெய்வத்தைக் காட்டுகின்றது. அஞ்சப்பட்டது இகழப்படும் பொருளாய் இழிந்த நிலை அது.

நான்காம் களனாகிய இறை பற்றிய அச்சத்திற்கு ‘ஸ்பை இன் த கேப்’ பாட்டே சான்று. தலைப்பைக் கேட்போர் ஒற்றர் கதை என்று எண்ணுவர். உண்மை வேறு. லாரியின் வேகத்தையும் ஓட்டுநர் வேலைசெய்யும் நேரத்தையும் குறித்துவைக்கும் கருவி ஒன்று உண்டு. அதற்கு ஆங்கில நாட்டு ஓட்டுநர்கள் இட்ட பட்டப்பெயரே இது. ‘வண்டிக்குள் ஒற்றன்’ எனலாம். அக்கருவியைக் கட்டாயமாக்காமை பிரிட்டனின் குற்றம் என ஐரோப்பிய நீதிமன்றம் 1979இல் தீர்ப்பளித்தது. தொழிற்சங்கத்தார் கருவியை எதிர்த்து வந்தனர். இப்பூசல் ஓயாத காலத்தில் எழுந்த பாட்டு இது. இதில் மர்ஃபியின் குரல் உயரவில்லை. கருவியின் துடிப்புப் போன்ற ஒலி இடைவிடாது தொடர, பாட்டு ஊர்ந்து செல்கின்றது. பேய்க்கதை கூறும் முறையிலேயே ஒரு தொழிலாளியின் கவலை கூறப்படுகின்றது. அன்று லாரிக்குள் இருந்த ஒற்றன் இன்று ஒவ்வொருவர் சட்டைப்பைக்குள்ளும் இருக்கின்றான் என்பதை நினைப்பார்க்கு, இப்பாட்டின் அச்சம் சிறிதும் மங்கவில்லை என்பது புலனாகும்.

தட்டின் இறுதிப்பாட்டாகிய ‘நெர்வ்ஸ்’ என்பதில் அச்சத்திற்குப் புறத்தே களன் ஏதும் இல்லை. நரம்புகளே அஞ்சுகின்றன. தொல்காப்பியரின் நான்கனுள் அடங்காத இதனை இக்கால வாழ்வு தந்த ஐந்தாவது எனலாம்.

குறைகள்

இவ்வளவு கூறியதனால் தட்டு குறையற்றது என்று கொள்ளவேண்டா. மர்ஃபியின் குரல் டேவிட் போவியின் சாயலினின்று முற்றும் விடுபடவில்லை. ‘ஸ்மால் டாக் ஸ்டிங்க்ஸ்’ பாட்டு வெற்றுப் பேச்சைச் சாடப் புகுந்து தானும் வெற்றுப் பேச்சாகவே முடிகின்றது. ‘டைவ்’ பாட்டில் விரைவு உண்டு. அவ்விரைவுக்கேற்ற பொருள் இல்லை. நாடக வழக்கு உலக வழக்கை விழுங்கிவிடும் இத்தகைய இடங்களில் இதழாளர் சினம் நியாயமே.

ஆனால் குழுவினர் தம் வேலையில் நேர்மை உடையவர் என்பதற்கு ஒரு சான்று உண்டு. முதற்பாட்டாகிய ‘டபிள் டேர்’ என்பதை அவர்கள் பிபிசி வானொலியில் ஜான் பீல் நிகழ்ச்சிக்காக முன்னரே பாடியிருந்தனர். பின்னர்ப் பதிவுக்கூடத்தில் பாடியது அதற்கு ஈடாகவில்லை எனக் கண்டு, வானொலிப் பதிவையே தட்டில் சேர்த்தனர். மெருகைக் காட்டிலும் உயிர்ப்பே பெரிதெனக் கொண்ட முடிவு அது.

வேடம் மட்டும் எஞ்சியபோது

1982இல் இலண்டன் சோகோப் பகுதியில் ‘பேட்கேவ்’ என்னும் இரவுமன்றம் தோன்றியது. கறுப்புடையும் முகப்பூச்சும் அதன்வழிப் பரவின. பௌஹவுஸ் குழு 1983இல் கலைந்தது. அதன்பின் எழுந்த குழுக்கள் பல, முன்னோரிடமிருந்து எடுத்துக்கொண்டவை மேலங்கியும் எதிரொலியும் மட்டுமே. தட்டையான வெளியை அவை எடுத்துக்கொள்ளவில்லை. அதனாலேயே அவற்றின் பாட்டுகளில் நிலா உண்டு, கல்லறை உண்டு, பாடுவோர் ஊர் மட்டும் இல்லை. இவ்வகையின் முன்னோடிகள் எனப்படும் ராபர்ட் ஸ்மித், ஆண்ட்ரூ எல்ட்ரிச் போன்றோர் ‘கோதிக்’ என்னும் பட்டத்தை ஏற்க மறுத்ததும் நோக்கத்தக்கது.

மற்றொரு சாரார், எண்ணிக்கையில் குறைவாய் விற்பதும், சிறுநிறுவனம் வெளியிடுவதும், பலர் அறியாமையுமே உண்மைக்குச் சான்று என்பர். இதுவும் பொருந்தாது. அரிதாகக் கிடைப்பதாலேயே ஓலை நல்ல நூலாகிவிடாது. இத்தட்டு சிறப்புற்றது சிறுநிறுவனத்தின் வெளியீடாய் இருந்தமையால் அன்று. அந்நிறுவனம் தந்த உரிமையைக் கொண்டு லாரி ஓட்டுநரின் கருவியைப் பற்றியும் பாடத் துணிந்தமையால்.

முடிபு

கலிங்கத்துப்பரணி பாடிய சயங்கொண்டார் பேயாய் இருந்து பாடவில்லை. அவர் பாடிய பேய்களின் பசியில் மனிதப் பசி தெரிதலால் அந்நூல் வாழ்கின்றது. இங்கிலாந்து இளைஞர் நால்வரின் இத்தட்டுக்கும் அவ்வளவையே போதும். வேடம் புனைந்தது அவர் குற்றமன்று; வேடத்திற்குள் ஆள் இருக்கின்றானா என்பதே வினா. ஒன்பது பாட்டுகளுள் ஆறேழில் ஆள் இருக்கின்றான்.

இத்தட்டைப் புதிதாகக் கேட்க விழைவோர் ஒன்றனைக் கருத்திற் கொள்ளுதல் நன்று. பின்னாளில் வந்த குறுவட்டுப் பதிப்புகளில் வேறு தனிப்பாட்டுகளும் சேர்க்கப்பட்டுள்ளன. அவற்றை ஒதுக்கி, முதல் ஒன்பதனை மட்டும் அவை அமைந்த முறையிலேயே கேட்டல் வேண்டும். நடுவே ‘ஸ்பை இன் த கேப்’ வரும்போது ஒலி அடங்கும். அங்கே வேடம் கழன்று ஒரு தொழிலாளியின் முகம் தெரியும். அவ்விடத்தைக் கேட்டபின் இவ்விசை போலியா என்னும் வினா கேட்போருக்கு எழாது.