மேயரின் கையெழுத்து

'நான் பிட்ஸ்பர்க் மக்களின் பிரதிநிதி, பாரிசுக்கு இல்லை' என்று சொல்லி, 2017 ஜூனில் பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தார் ட்ரம்ப். பிட்ஸ்பர்க் மேயர் பில் பெடூட்டோ சும்மா இருக்கவில்லை. 'எங்கள் ஊர் பாரிஸ் ஒப்பந்தப்படிதான் நடக்கும்' என்று உடனே பதில் கொடுத்தார். 1940-களில் இரும்பாலைப் புகையால் பட்டப்பகலில் தெருவிளக்கு எரித்த ஊர் அது. கை தட்டலாம்தான். ஆனால் மேயர் கையில் என்ன இருக்கு, சொல்லுங்கள்? தெருவிளக்கு, குப்பை வண்டி, நகராட்சிக் கட்டடம். வீட்டுக்கு வரும் கரண்ட் தனியார் கம்பெனியுடையது. மேயர் பேச்சை அவர்கள் கேட்டாக வேண்டியதில்லை.

இது புதுசும் இல்லை. புஷ் 2001-ல் க்யோட்டோவைக் கைகழுவினார். 2005-ல் சியாட்டில் மேயர் கிரெக் நிக்கல்ஸ் மற்ற மேயர்களைக் கூப்பிட்டார்: 2012-க்குள் புகையை 1990 அளவிலிருந்து 7 சதவிகிதம் குறைப்போம் என்று. ஆயிரம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். சியாட்டிலுக்கென்ன, மின்வாரியமே நகராட்சிக்குச் சொந்தம், பெரும்பாலும் அணைக்கட்டு மின்சாரம். கூடக் கையெழுத்துப் போட்ட பலருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வாக்குத் தவறினால் அபராதமும் கிடையாது.

2021-ல் பைடன் பாரிசில் மறுபடி சேர்ந்தார். 2025 ஜனவரியில் ட்ரம்ப் மறுபடி விலக உத்தரவு போட்டார். மேயர்கள் மறுபடி மைக் பிடித்தார்கள். மின்சாரம் யாருடையது என்று மட்டும் யாராவது கேட்டுவிடுங்களேன், ப்ளீஸ்.