இரண்டு குதிரைகள், ஒரு கணம்

1878 ஜூனில், கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், எட்வர்ட் மைபிரிட்ஜ் ஓடும் குதிரை ஒன்றைப் பன்னிரண்டு கேமராக்களால் படமெடுத்தார். 1998இல் டிம் மெக்மில்லன் என்கிற பிரிட்டிஷ் கலைஞர், கசாப்புக்கூடத்தில் கொல்லப்படும் குதிரை ஒன்றை, அதைச் சுற்றி அடுக்கிய கேமராக்களால் படமெடுத்தார். 'டெட் ஹார்ஸ்' என்று பெயர். அடுத்த வருஷமே 'மேட்ரிக்ஸ்' வந்துவிட்டது. பல கேமராக்களை ஒருங்கிணைத்துப் படமெடுப்பது பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லாரும் 'மேட்ரிக்ஸ்'லேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கென்னவோ, இந்த இரண்டு குதிரைகளை வைத்துத்தான் அந்தப் படத்தையே பார்க்கணும் என்று தோன்றுகிறது.

மைபிரிட்ஜுக்கு முன்னால் ஒரு கேள்வி இருந்தது. ஓடும்போது குதிரையின் நான்கு கால்களும் தரையை விட்டு எழும்புமா? கேட்டவர் முன்னாள் ஆளுநர் லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட், குதிரைக்கும் அவர்தான் சொந்தக்காரர். ஓடுபாதையின் குறுக்கே நூல்கள் கட்டப்பட்டன. குதிரை ஒவ்வொரு நூலாக அறுத்துக்கொண்டு போகப் போக, அந்தந்தக் கேமராவின் ஷட்டர் விழுந்தது. படங்களுக்கு நடுவே 27 அங்குல தூரம், சுமார் 1/25 நொடி நேரம் என்று அவர் வெளியிட்ட அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது. பதிலும் கிடைத்தது: எழும்புகிறது, ஆனால் ஓவியர்கள் வரைந்த மாதிரி முன்னும் பின்னும் கால்களை நீட்டிக்கொண்டு இல்லை, கால்கள் வயிற்றுக்குக் கீழே மடங்கியிருக்கும்போது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், கேமராக்களுக்கு உத்தரவு கொடுத்தது குதிரை என்பதுதான். அது ஓடாவிட்டால் படமே கிடையாது.

அதே மைபிரிட்ஜ், 1879இல் உடற்பயிற்சி வீரர்களைச் சுற்றி அரைவட்டமாகக் கேமராக்களை வைத்து ஒரே நேரத்தில் சொடுக்கியும் பார்த்தார். ஒரே பாய்ச்சல், பல கோணங்கள். ஆனால் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டார், அவ்வளவுதான். அவற்றை ஓடவிடணும் என்று தோன்ற இன்னும் நூறு வருஷம் ஆயிற்று.

1980களின் தொடக்கத்தில் மெக்மில்லன் அதைச் செய்தார். ஃபிலிமை வட்டமாக வளைத்து, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் தனித்தனித் துளை வைத்து, எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் ஒளி விழச் செய்தார். அதை ஓட்டினால், ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரு அடி தள்ளிப்போன காலம் என்றே ப்ரொஜெக்டர் எடுத்துக்கொள்ளும். உண்மையில் தள்ளிப்போனது இடம் மட்டும். திரையில் ஓடுகிற நொடிகள் எல்லாம் பார்க்கிற நம்முடையவை. பார்க்கப்படுகிறவருக்கு ஒரு நொடிகூடப் போகவில்லை.

'மேட்ரிக்ஸ்' இந்த ஏற்றத்தாழ்வைத்தான் கொண்டாட்டமாக ஆக்கியது. ஜான் கேட்டாவின் குழு ஏறத்தாழ 120 ஸ்டில் கேமராக்களை வரிசையாக நிறுத்தியது. மொட்டை மாடியில் நியோ பின்னால் வளையும் காட்சியில் அவை மிகச் சிறிய இடைவெளி விட்டு ஒன்றன்பின் ஒன்றாகச் சொடுக்கின. அதனால்தான் அவன் உறையாமல் மெதுவாக அசைகிறான். சும்மா சொல்லக் கூடாது, இன்னைக்குப் பார்த்தாலும் மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் தோட்டாக்களை வேடிக்கை பார்க்க நமக்கு அவ்வளவு அவகாசம் கிடைத்துவிட்ட பிறகு, அவை யாரையாவது துளைக்கும் என்கிற பயம் போய்விடுகிறது. அழகு வந்த இடத்தில் ஆபத்து காணாமல் போகிறது. அந்தக் காட்சியின் வெற்றியும் அதுதான், பொய்யும் அதுதான்.

'டெட் ஹார்ஸ்' அதே உத்தியை வைத்துக்கொண்டு எதிர்த் திசையில் போகிறது. பார்வை குதிரையைச் சுற்றி நகர்கிறது, குதிரை நகரவில்லை. இதற்கு அடுத்த ஃப்ரேம் என்று ஒன்று அதற்குக் கிடையாது என்பது நமக்குத் தெரியும். மைபிரிட்ஜின் குதிரை நூலை அறுத்துத் தன்னைத்தானே படமெடுத்துக்கொண்டது என்றால், இந்தக் குதிரை எதையுமே தொடங்கி வைக்கவில்லை. நாமோ சுற்றிச் சுற்றி, எல்லாக் கோணத்திலிருந்தும், அவசரமே இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இது மட்டும் சுரண்டல் இல்லையா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியை நம்மிடம் எழுப்புவதே இந்தப் படைப்புதான். நியோவைச் சுற்றி வரும்போது யாருக்கும் அது தோன்றுவதில்லை.

ஒரே கணம் என்பதும் அவ்வளவு சுத்தமான சங்கதி இல்லை. பல டிஜிட்டல் கேமராக்களுக்கு ஒரே சிக்னலை அனுப்பினாலும், அவற்றில் ரோலிங் ஷட்டர் இருந்தால் ஒரு ஃப்ரேமுக்குள்ளேயே மேல் வரியும் கீழ் வரியும் ஒரே நேரத்தில் பதிவாவதில்லை. சுழலும் ஃபேன் இறக்கை ஃபோன் வீடியோவில் வளைந்து தெரிவது இதனால்தான். கேமராக்களின் 'இப்போது' என்பது பொறியாளர்கள் போட்டுக்கொண்ட ஒரு ஒப்பந்தம், போதுமான அளவு கிட்டத்தில் இருந்தால் சரி என்கிற ஒப்பந்தம்.

இன்று விளையாட்டு ஒளிபரப்பில் ஒரு வீரர் அந்தரத்தில் நிற்க, பார்வை அவரைச் சுற்றி வருகிறது. நாம் கண் சிமிட்டுவதில்லை. எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டதால் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நம்பப் பழகிவிட்டோம். ஆனால் அங்கே நாம் நிற்கும் இடம் எந்த மனுஷனாலும் நிற்க முடியாத இடம். அந்த இடத்தில் நின்றுகொண்டு ஒரு சாவைப் பார்க்கச் சொல்கிறது என்பதால், இந்த உத்தியில் இதுவரை வந்தவற்றில் 'டெட் ஹார்ஸ்'தான் நேர்மையானது என்று நினைக்கிறேன்.