அட்டில் நாயும் அடையா வாயிலும்

பத்துப்பாட்டுள் மூன்றாவதாக நிற்கும் சிறுபாணாற்றுப்படை 269 அடிகளான் இயன்றது. ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடும் இந்நூலின் ஆசிரியர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் ஆவர். இன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துச் செய்யூர் வட்டத்தில், கடலுக்கும் கழிக்கும் இடையே நீண்டு கிடக்கும் நிலப்பகுதி இன்றும் இடைக்கழிநாடு என்றே வழங்குகின்றது. நூலுள் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்றும், கிடங்கிலைத் திண்டிவனத்தை ஒட்டிய ஊர் என்றும் அறிஞர் கொள்வர். ஆகவே பாடியவரும் பாடப்பெற்றவனும் பாணன் செல்லும் வழியும் ஆகிய மூன்றும் இக்கடற்கரையையும் அதன் உள்நாட்டையும் சார்ந்தனவாம்.

இந்நூலின் 130 முதல் 140 வரையுள்ள அடிகள் வறுமையைக் கண்முன் நிறுத்துவன என்று பலரும் பாராட்டுவர். பாராட்டு தகுதியுடையதே. ஆயினும், வறுமைப் புனைவு என்னும் அளவிலே அவற்றைக் கண்டு கடந்துவிடின், அவற்றுள் அடங்கிக் கிடக்கும் அறவினா ஒன்று நம் நோக்கிற்குத் தப்பிவிடும். உயிர் போகும் பசியில் ஒருவன் தன் மனைக்கண் தன்னை நம்பி வாழும் விலங்கைக் கொன்று உண்ணலாமோ என்பதே அவ்வினா. தமிழ் அறநூல்களும் காப்பியமும் இதற்கு அணித்தான வினாக்களை வெளிப்படையாகவே ஆராய்கின்றன. அவற்றோடு ஒப்பவைத்து நோக்கின் நத்தத்தனாரின் அட்டிற் காட்சி புதுப்பொருள் தருதலைக் காணலாம்.

1. அட்டிற் காட்சி

பரிசில் பெற்று மீளும் பாணன், எதிர்ப்பட்ட மற்றொரு பாணனிடம் தன் பழைய நிலையைக் கூறுகின்றான். அவன் மனையின் அட்டிலில் அண்மையில் ஈன்ற நாய் ஒன்று கிடக்கின்றது. குட்டிகள் இன்னும் கண் திறந்தில. செவிகள் சாய்ந்து கிடக்கின்றன. அவை பாலில்லாத முலையைப் பற்றி இழுக்க, அத்துன்பம் பொறாது தாய் குரைக்கின்றது. கூரைக் கழிகள் கட்டற்று வீழ்கின்றன. பழஞ்சுவரைக் கறையான் அரித்துள்ளது. புழுதியில் காளான் பூத்துள்ளது. பசியால் இடை ஒடுங்கிய கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி வந்து, உப்பும் இன்றி வேகவைக்கின்றாள். அறிவிலார் கண்ணிற் படுதற்கு நாணி வாயிற் கதவை அடைத்துவிட்டுப் பெரிய சுற்றத்தோடு ஒருங்கிருந்து அதனை உண்கின்றாள்.

ஈண்டு நாய்க்கும் மனையோர்க்கும் உள்ள ஒப்புமை கருதத்தக்கது. நாயும் தாய்; அதனைச் சூழ்ந்தும் பசித்த குட்டிகள். கிணைமகளைச் சூழ்ந்தும் பசித்த சுற்றம். நாயின் முலையிற் பாலில்லை, மனையிற் சோறில்லை. குட்டிகளின் வாய் பட்ட அளவில் தாய் குரைக்கின்றது என்னும்போது, அன்பின் எல்லையைப் பசி எத்துணைத் தூரம் தள்ளிவிடும் என்பதைப் புலவர் விலங்கின்மேல் வைத்துக் காட்டுகின்றார். அவ்வெல்லையை மனிதர் கடந்தாரல்லர் என்பதைக் கீரையின்மேல் வைத்துக் காட்டுகின்றார். இரண்டு பசிகளும் ஒரே கூரையின்கீழ் நிற்கின்றன; ஒன்று மற்றொன்றை உண்ணவில்லை.

2. அறநூல்கள் வினவும் முறை

பசியையும் நாயூனையும் ஒருங்கு வைத்து உரைக்கும் கதை மணிமேகலையில் உண்டு. பாத்திரம் பெற்ற காதையில் பசியின் கொடுமையைக் கூறும் தீவதிலகை, மழை மறுத்து உயிர்கள் மடிந்த காலத்தில், அரசு துறந்த அந்தணன் ஒருவன் பசி தீர்க்க வேறு வழி காணாது நாயூன் தின்னத் துணிந்த செய்தியைக் கூறுகின்றாள். இவன் விசுவாமித்திரன் என்பர். உண்பதற்கு முன் அவன் இந்திரனுக்குப் படைக்க முற்பட, இந்திரன் தோன்றி மழை தருகின்றான், உலகம் தழைக்கின்றது. மகாபாரதத்துச் சாந்தி பருவத்தில் இக்கதை விரிவாக வருகின்றது. ஆங்கு முனிவன் புலையன் குடிசையிலிருந்து நாயின் தொடையைக் கவர முயல, அப்புலையனே அவனுக்கு அறம் உரைத்துத் தடுக்கின்றான். மனு நூலும் இச்செய்தியை ஆபத்தருமத்திற்குச் சான்றாகக் கூறுகின்றது.

இக்கதைகளின் வினா தூய்மை பற்றியது. உயர்குலத்தான் ஒருவன் இழிந்த ஊனை உண்டால் அவன் நிலை கெடுமோ என்பதே ஆங்கு வழக்கு. அந்நாய் எவர் மனையில் வளர்ந்தது, எவர் கையில் உண்டது என்பன கேட்கப்படவில்லை. அஃது ஓர் ஊன். ஓர் உயிராக அதனை எவரும் நோக்கவில்லை.

வள்ளுவர் வினாவை வேறிடத்தில் நிறுத்துகின்றார். கொல்லாமை அதிகாரத்து 327-ஆம் குறள், தன்னுயிரே நீங்குவதாயினும் பிறிதோர் உயிரை நீக்கும் செயலைச் செய்யற்க என்கின்றது. ஊனின் தூய்மை ஈண்டுப் பொருளன்று, கொலையே பொருள். வினைத்தூய்மை அதிகாரத்து 656-ஆம் குறளோ, ஈன்ற தாயின் பசியைக் காண நேரினும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யற்க என்கின்றது. இதற்கு உரை கண்ட பரிமேலழகர், மூத்த பெற்றோரும் கற்புடை மனைவியும் குழவியும் பசியால் வருந்துங்கால் தீயன செய்தாயினும் அவர்களைக் காக்க என்பது அறநூற் பொதுவிதி என்றும், அவ்விதி அமைச்சர்க்குப் பொருந்தாமையின் வள்ளுவர் இங்ஙனம் கூறினார் என்றும் விளக்குகின்றார். குறளின் கடுமையை அமைச்சர் அளவிற் சுருக்கி, எளிய குடிமகனுக்கு ஒரு வாயில் திறந்துவைப்பதாகிறது இவ்வுரை.

மூலத்திற்கும் உரைக்கும் இடையே உள்ள இவ்வேறுபாடு சிறிதன்று. குறள் 327 எவரையும் விலக்காது எல்லார்க்கும் பொதுவாக நிற்க, 656-க்கு எழுந்த உரை பசித்த குடும்பத்தானுக்கு இடந்தருகின்றது. பின்னைக் காலத்தில், ஓர் உயிரைக் கொன்று மற்றோர் உயிரின் பசியாற்றுதல் சீவகாருணிய ஒழுக்கம் ஆகாது என்று மறுத்த வள்ளலார், 1867-இல் வடலூரில் தருமச்சாலையையும் நிறுவினார். சோறிடும் சாலையின்றிக் கொல்லாமையை மட்டும் விதித்தல் நிறைவுடையதன்று என்பதற்கு அவர் செயலே சான்று.

3. நம்பிக்கை என்னும் மூன்றாம் வினா

தூய்மை, கொலை என்னும் இவ்விரண்டினும் வேறாய மூன்றாவது வினா ஒன்று உண்டு. அது நம்பிக்கை பற்றியது. சங்க மாந்தர் ஊனுண்போர். சிறுபாணாற்றுப்படையிலேயே எயிற்பட்டினத்தில் சுட்ட உலர்மீனும், வேலூரில் ஆமான் சூட்டிறைச்சியும், ஆமூரில் நண்டுக் கலவையும் விருந்தாக வருகின்றன. ஆகவே, பாணன் மனையோர் நாயை உண்ணாமைக்குப் புலால் மறுத்தல் காரணம் ஆகாது.

பெரும்பாணாற்றுப்படை இவ்விடத்து நல்ல ஒப்புமை தருகின்றது. மாமல்லபுரம் எனச் சிலர் கருதும் நீர்ப்பெயற்றுத் துறைப்பட்டினத்தில், நெல்மாவை ஊட்டிப் பன்னாள் குழியில் நிறுத்தி வளர்த்த ஆண்பன்றியின் கொழுவிய தசை விருந்தினர்க்குக் கிடைக்கும் என்கின்றார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அப்பன்றி வளர்ப்பைக் குறிக்க அவர் ஆண்ட சொல் ‘ஓம்பிய’ என்பது. வள்ளுவர் 322-ஆம் குறளிற் பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதலைத் தலையாய அறமாகக் கூறுங்காலும் அதே வினையையே ஆள்கின்றார். ஓம்புதல் என்னும் ஒரு சொல் உண்பதற்காக வளர்த்தலையும் உயிர் வாழ்தற்காகப் பேணுதலையும் குறித்தல் காண்க. எனவே, உணவிட்டு வளர்த்தோம் என்பது மட்டும் உறவை உண்டாக்குவதில்லை. வளர்க்கத் தொடங்கிய நாளிலேயே முடிவு குறிக்கப்பட்ட விலங்கு வேறு. மனையின் பங்காளியாய்ப் புகுந்த விலங்கு வேறு.

இரண்டாவதன் இயல்பை நாலடியார் நட்பாராய்தல் அதிகாரத்து 213-ஆம் பாடல் விளக்குகின்றது. யானை நன்கு அறிந்த பாகனையே கொல்லும். நாயோ தலைவன் எறிந்த வேல் உடலில் நிற்கும்போதும் வாலைக் குழைக்கும் என்பது அதன் கருத்து. நட்பிற்கு உவமையாக வந்த இப்பாடலே, வளர்த்த நாயைக் கொல்வதில் உள்ள குற்றம் யாது என்பதை நன்கு உணர்த்திவிடுகின்றது. கொல்பவனையே நம்பி நிற்கும் உயிரைக் கொல்லுதலே அக்குற்றம். காட்டு விலங்கு ஓடித் தப்ப முயலும். இதற்கு அம்முயற்சியும் இல்லை.

பிறநாட்டு வரலாறும் இவ்வேறுபாட்டை வலியுறுத்தும். 1911-இல் தென்முனை சென்ற அமுண்ட்சென் 52 நாய்களோடு புறப்பட்டு 11 நாய்களோடு மீண்டார். இடைவழியிற் பலவற்றைக் கொன்று உணவாக்குதல் அவர் திட்டத்திலேயே இருந்தது. 1912-இல் துணைவர் ஒருவரும் உணவின் பெரும்பகுதியும் பனிப்பிளவில் வீழ்ந்தபின், மாசனும் மெர்ட்சும் எஞ்சிய நாய்களை ஒவ்வொன்றாக உண்ண நேர்ந்தது. இருவர் செயலும் பசிக்கஞ்சிய செயலே. ஆயினும் பின்னவர் நெருக்கடியில் துணையை இழந்தார். முன்னவர் துணையை உணவாகவே கணக்கிட்டுப் புறப்பட்டார். 1870-71-இல் முற்றுகையுண்ட பாரிசு நகரத்து மக்கள் நாயும் பூனையும் உண்டதோ இவ்விரண்டினும் வேறு. அவர்தம் பசி அவர் திட்டமுமன்று, இயற்கையின் இடையூறுமன்று. பிறர் அவர்மேற் சுமத்தியது. இம்மூன்றையும் ஒரே தீர்ப்பால் அளத்தல் முறையாகாது.

4. ஒரு தடை

ஈண்டு ஒரு தடை எழலாம். நாயூன் அக்காலத்து உணவாகக் கருதப்படவே இல்லை; எனவே பாணன் மனையோர்க்கு அந்நினைவே தோன்றியிராது; அட்டிலில் அடுப்பெரியாமையைக் காட்டுதற்கே நாய் ஈன்ற செய்தி வந்தது; இதிற் பிறிதோர் அறம் காண்பது மிகை என்பர். இத்தடையின் முற்பகுதி ஏற்கத்தக்கது. தீ மூட்டாத அட்டிலே நாய் ஈனுதற்கு இடமாகும். மணிமேகலையும் நாயூனை நல்லதல்லாத ஊனாகவே அடைகொடுத்துக் கூறுகின்றது. நத்தத்தனார் நாயை உண்ணற்க என்று விதித்தாரல்லர். அங்ஙனம் கூறுவது நூலுக்கு இல்லாததை ஏற்றுவதாகும்.

எனினும் தடை முற்றும் பொருந்தாது. அடுப்பெரியாமையை உணர்த்தக் காளான் ஒன்றே போதும். புறநானூற்று 164-ஆம் பாடலிற் பெருந்தலைச் சாத்தனார் அடுப்பிற் பூத்த காளானையும் பாலற்ற முலையைச் சுவைக்கும் குழவியையுமே காட்டுகின்றார். ஆங்கு நாய் இல்லை. சாத்தனார் தாய்க்கும் சேய்க்கும் உரிமையாக்கிய அத்துன்பத்தை நத்தத்தனார் நாய்க்கும் குட்டிக்கும் உரிமையாக்குகின்றார். மனிதத் தாயின் இடத்தில் நாய்த்தாயை நிறுத்தும் புலவர், அதனை மனையின் உறுப்பாகக் கண்டார் என்பது போதரும். விதி கூறாது உறவு கூறினார் என்பதே நாம் கொள்ளத்தக்க முடிபு.

5. நாணும் பழியும்

இனி, கிணைமகள் கதவடைத்த செயலை நோக்குவோம். அவள் செய்தது தீவினையன்று. குப்பைக்கீரையை உண்டது மட்டுமே. அதற்கே நாணுகின்றாள். கீரைக்கே நாணும் மனையில் அதனினும் கொடியதொன்று நிகழ நேரின் அந்நாண் எத்துணைப் பெரிதாகும்! ஆனால் புலவர் அவளைப் பழித்தாரல்லர். அவளைக் கண்டு இகழ்வோரையே ‘மடவோர்’ என்றார். பசித்தார்மேல் தீர்ப்புரைக்க முந்துவோர் அறிவிலார் என்பது அச்சொல்லின் ஆற்றல். இரவச்சத்து 1062-ஆம் குறளில் வள்ளுவரும் இரந்து வாழ்வோனைப் பழியாது, அந்நிலையை வகுத்த உலகியற்றியானையே கெடுக என்கின்றார்.

நாணி அடைத்த இக்கதவிற்கு எதிரே நூலின் பிற்பகுதியில் வேறொரு வாயில் நிற்கின்றது. பொருநர்க்கும் புலவர்க்கும் அந்தணர்க்கும் அடையாது திறந்து கிடக்கும் நல்லியக்கோடனின் வாயில் அது. ஆங்குப் பீமசேனனின் மடைநூல் நெறியிற் சமைத்த உணவைப் பொற்கலத்தில் இட்டு, அரசனே நின்று ஊட்டுகின்றான். அடைத்த கதவு பசியின் விளைவு. அடையா வாயில் அதற்கு மறுமொழி. பசித்த வீட்டில் என்ன நிகழலாம் என்னும் வினாவிற்கு நத்தத்தனார் அவ்வீட்டாரிடம் விடை கேட்கவில்லை, வாயிலுடையானிடம் கேட்கின்றார். மணிமேகலைக் கதையிலும் இந்திரன் முனிவனைத் தண்டிக்கவில்லை. மழையைத் தந்தான் என்பது நினைக்கத்தக்கது.

இவ்வாயில் அடைபட்ட காலமும் இந்நிலத்திற்கு உண்டு. 1876-78-ஆம் ஆண்டுத் தாதுவருடப் பஞ்சத்தில் செங்கற்பட்டு உட்பட்ட சென்னை மாகாணம் வாடியபோது, 1877-இல் அரசு பஞ்சவேலைக் கூலியை நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓரணாவுமாகக் குறைத்தது. அவ்வளவு உடலைக் காக்கப் போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிசு வாதிட்டார். அத்தகைய பஞ்சத்தில் ஏழை ஒருவன் தன் உழவெருதையோ ஆட்டையோ நாயையோ இழந்தும் கொன்றும் உயிர் தாங்கினால், அவனை 327-ஆம் குறளின் முன் நிறுத்தும் முன்னர், கூலியைக் குறைத்த கணக்கை அதன்முன் நிறுத்துதல் வேண்டும்.

இதனால் பசித்தவன் செய்வதெல்லாம் குற்றமற்றது என்பது பெறப்படாது. நம்பிய உயிரைக் கொல்லுதல் எந்நிலையிலும் இழப்பே. பசி அதனைப் பொறுக்கத்தக்கதாக்கலாம், நன்றாக்காது. அவ்விழப்பை உணர்ந்து நாணுதல் பசித்தவன் கடன். அந்நிலை வாராது காத்தல் வாயிலுடையான் கடன். இவ்விரு கடனையும் ஒருங்கு வைத்துக் காட்டியமையால், இடைக்கழிநாட்டுப் புலவரின் அவ்வடிகள் வறுமையின் ஓவியமாக மட்டும் அமையாது, அறத்தின் வழக்குரையாகவும் நிற்கின்றன என்க.