அனிமேஷன் திரையில் அருள்வழி நாயகர்கள்

ஊரைவிட்டுப் போவது, சோதனையில் சிக்குவது, வென்று திரும்புவது: சாகசக் கதை எல்லாவற்றுக்கும் பொதுவான போக்கு இது. சமயக் கதையில் மட்டும் நாயகனின் ஆற்றல் அவனுக்குச் சொந்தமில்லை. அதை அவன் உணர்ந்து பணியும் கட்டத்தை வைத்தே இவ்வகை அனிமேஷன் படங்களை எடைபோட வேண்டும்.

விவிலிய மரபில் முதலிடம் 'தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' (1998) படத்துக்கு. எரியும் முட்செடி முன் மோசே செருப்பைக் கழற்றி நிற்கிறார். அங்கே ஒலிக்கும் இறைக்குரலும் மோசேயின் குரலும் வால் கில்மர் என்ற ஒரே நடிகருடையவை. தலைப்பிள்ளைகள் மடிந்த இரவில் தம் மக்களின் விடுதலை கைக்கு வந்ததும் மோசே முழக்கமிடவில்லை. சுவரோரம் சரிந்து அழுகிறார். 'தி மிராக்கிள் மேக்கர்' (2000) இயேசுவின் வாழ்வைப் பொம்மைகளால் சொல்லி, உவமைக் கதைகளுக்கும் அகக்காட்சிகளுக்கும் கைச்சித்திரத்துக்கு மாறுகிறது.

இஸ்லாமிய மரபில் நபிகளாருக்கு உருவம் தருவதில்லை. 'முஹம்மத்: தி லாஸ்ட் ப்ராஃபெட்' (2002) அவரைக் காட்டாமல், அவர் கண்வழியே காட்சிகளைக் காட்டுகிறது. நாயகன் இல்லாத திரையில் சுற்றியிருப்போரின் முகங்களே கதை சொல்ல வேண்டும்.

சீன மரபின் சிகரம் ஷாங்காயில் வான் லைமிங் இரு பாகங்களாக இயக்கிய 'ஹேவக் இன் ஹெவன்' (1961, 1964). வண்ணமும் அசைவும் ஈடற்றவை. ஆனால் வானர வீரன் சுன் வூகோங் தேவலோகத்தை வென்றதும் படம் முடிகிறது. புத்தர் அவனை மலைக்கடியில் அடக்குவதும், அவன் யாத்திரைக்குத் துணையாவதும் மூலக்கதையில் அதன்பின் வருபவை. கலகம் உண்டு, பணிவு இல்லை. 1979-இல் வந்த நேஜா படத்தில் அது கிடைக்கிறது: ஊரை வெள்ளத்திலிருந்து காக்கத் தன்னையே வெட்டிக்கொள்ளும் சிறுவன், குருவின் அருளால் தாமரையிலிருந்து மீண்டும் பிறக்கிறான்.

இராமன் கடவுள் என்பதால் நடிகரைவிடச் சித்திரமே அவனுக்குப் பொருத்தம் என்று கருதினார் ஜப்பானியரான யூகோ சாகோ. ராம் மோகனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய இராமாயணப் படம் 1992-இல் முடிந்தது. 2025 ஜனவரியில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. அதே ஆண்டின் 'மகாவதார் நரசிம்மா' கதையில் உண்மையான நாயகன் ஆயுதம் தொடாத பிரகலாதன். உச்சக்கட்டத்தில் படம் நெடுநேரம் போரிலேயே திளைக்கிறது.

கணினி வரைகலை வளர வளரப் போர்க்காட்சி எளிதாகிவிட்டது. பணிவை வரைவதுதான் இன்னும் கடினம். படத்தின் தரம் தெரிவதும் அங்கேதான்.